செஞ்சியில் கைத்திறன் முகாம்

எங்கள் லாரியின் வலது பக்கச் சுவர் கீழே இறங்கும். பொத்தானை அமுக்கினால் முனகிக்கொண்டே சரிந்து மேடையாகிவிடும். உள்ளே ஆள் உயரத் திரை, நான்கு வீடியோ கேம் பெட்டிகள், உட்கார்ந்து ஆட வட்ட மெத்தைகள், நீல விளக்குகள். ஒவ்வொரு ஊரிலும் சுவர் இறங்கும்போது கூட்டம் 'ஓ' என்று கத்தும். செஞ்சியில் யாரும் கத்தவில்லை. தூறிக்கொண்டிருந்தது. கடை ஓரங்களில் ஒதுங்கி நின்றவர்கள் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று மறுபடி சாலையைப் பார்த்தார்கள்.

அது எங்களுக்கு ஒன்பதாவது ஊர். புதிதாக வந்திருக்கும் விளையாட்டுப் பெட்டியைச் சின்ன ஊர்களுக்கு அறிமுகப்படுத்த ஒரு நிறுவனம் அனுப்பிய வண்டி. நாங்கள் மூன்று பேர். மேலாளர் நிதின் பெங்களூர்க்காரர், ஆங்கிலத்தில்தான் பேசுவார். லாரி ஓட்டுபவர் ஆற்காட்டு சலீம் பாய். மைக் பிடிப்பவள் நான்.

என் ஊர் போடிக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. இருவருக்கும் கைநாட்டுதான். 'முதல் பட்டதாரி' என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் எங்கள் தெருவிலேயே என் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. படித்தது பி.ஏ. தமிழ். தமிழ் படித்தவளுக்கு வீடியோ கேம் லாரியில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த லாரியில் எழுதியிருக்கும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும், அதன் ஒலிபெருக்கியில் கேட்கும் ஒவ்வொரு வரியும் என்னுடையது என்று பதில் சொல்வேன். தலைமை அலுவலகம் அனுப்பியதை அப்படியே மொழிபெயர்த்தால் 'உங்கள் திறமையின் அடுத்த நிலையை அனுபவியுங்கள்' என்று வரும். யாருக்குப் புரியும்? அதைத் தள்ளிவிட்டு நானே எழுதி, நானே பேசிப் பதிவு செய்தேன்.

"மாபெரும் கைத்திறன் முகாம்! உங்கள் கைத்திறனைச் சோதித்துப் பாருங்கள்! அனுமதி இலவசம்! அனைவரும் வருக!"

'முகாம்' என்ற சொல்லுக்கு நிதின் என் தோளைத் தட்டினார். எட்டு ஊர்களில் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

முதல் நாள் செய்ய வேறொன்றும் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு காலி மனையில் லாரியை நிறுத்தி, திரைக்குத் தார்ப்பாய் போட்டு மூடினோம். எங்கள் ஊரில் மலை என்றால் அடிமுதல் முடிவரை பச்சை, உள்ளே யானை இருக்கும். செஞ்சி மலைகளில் மண்ணே கண்ணில் படவில்லை. நனைந்து கறுத்த பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன, இப்போது விழும் இப்போது விழும் என்பதுபோல். உச்சியில் கோட்டை. அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததைச் சொல்லும் பலகை ஒன்று சாலையோரம் இருந்தது. அதன் அடியில் இரண்டு ஆடுகள் மழைக்கு ஒதுங்கியிருந்தன.

சாயங்காலம் போண்டாக் கடை. கடைக்காரர் எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னாது அது, சினிமா வண்டியா?"

"வீடியோ கேம்ணே. நாளைக்கழிச்சு வந்து ஆடலாம்."

"அண்ணேவா? மதுரப் பக்கமா நீ?"

"போடி."

"தோ பார்றா, அம்மாந் தொலைவுலேந்து வந்து கேம் ஆட்றாங்க." சலீம் பாயைப் பார்த்து: "இன்னா பாய், ஊர்ல வேற வேல இல்லியா?"

"வேல இருந்தா நான் ஏன்யா உன் போண்டாவ துன்னுகினு இருக்கறேன்" என்றார் பாய்.

போண்டாவுக்கு ஊற்றிய சட்னி வெள்ளையாக இல்லை, பழுப்பாக இருந்தது. நிலக்கடலை. இங்கே அதை மல்லாட்டை என்கிறார்கள். எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னிதான். இது கனமாக, மண்வாசனையோடு தொண்டையில் நின்றது. இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். எழுந்திருக்கும்போது கடைக்காரர் கோட்டைப் பக்கம் கரண்டியை நீட்டினார்.

"மேல மேகம் உக்காந்திருக்குது பாரு. உக்காந்துச்சுன்னா மூணு நாளிக்கு எழுந்திருக்காது."

அவர் சொன்னபடியே ஆயிற்று.

இரண்டாம் நாள் ஒரு ஆட்டோவின் தலையில் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களுக்குப் போனோம். பனமலை ஏரியில் தண்ணீர் தளும்பியது. கரையோரமாக என் குரல் போய்க்கொண்டே இருந்தது. வயலில் களையெடுத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தார்கள். மேல்சித்தாமூரில் டயர் பஞ்சர். ஆட்டோக்காரர் சக்கரத்தைக் கழற்ற, எதிர்வீட்டு அம்மா என்னைக் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார். மணி ஐந்துதான் ஆகியிருந்தது. "நாங்க சமணரும்மா. பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு எடுத்து வெச்சிடுவோம், அப்புறம் கேட்டாலும் கெடைக்காது" என்றார். வெங்காயம் இல்லாத சாம்பாரும் சோறும். வீட்டை விட்டு வந்து மூன்று மாதத்தில் யாரோ என்னை உட்காரவைத்துப் பரிமாறியது அன்றுதான். அம்மாவுக்குப் போன் செய்ய நினைத்தேன். அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் செய்யவில்லை.

அனந்தபுரம் கடைத்தெருவில்தான் நான் கவனித்திருக்க வேண்டும். கத்தரிக்காய்க் கூறு போட்டிருந்த ஒரு பெண் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"ஏம்மா, நாளைக்கு கேம்ப்புல இன்னா குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்கக்கா. சும்மா வந்து பாக்கலாம்."

"சும்மா பாக்கறதுக்கா மைக்கு வெச்சி கூவறீங்க?"

பக்கத்திலிருந்தவர் கேட்டார்: "ஆதார் எடுத்தாரணுமா?"

"வேண்டாம்ணே. போன் நம்பர் மட்டும் போதும்."

"பரவால்லியே, இந்த தபா ஈசியா ஆக்கிட்டாங்கோ" என்றார் அவர். நானும் சிரித்தேன். வட மாவட்டக்காரர்கள் கிண்டல் பிடித்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குச் சுவரை இறக்கினோம். தூறல் விடவில்லை. ஆனாலும் நூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். நிதினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் ஏதோ இடித்தது. மற்ற ஊர்களில் முன்வரிசை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளாக இருக்கும். இங்கே முன்வரிசையில் பெரியவர்கள் நின்றார்கள், கையில் பிளாஸ்டிக் உறைகளோடு. ஒருவர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். சின்ன ஊரில் புதியது எதுவென்றாலும் எல்லோரும் வருவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

பெயர் பதியும் மேசைக்கு ஒரு மனிதர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. வலது கையைத் துண்டால் மூடியிருந்தார்.

"பேருண்ணே?"

"ஏழுமல. அனந்தபுரத்துக்கு இந்தாண்ட."

"போன் நம்பர்?"

சொன்னார். பிறகு தயங்கி நின்றார். "எந்தக் கைன்னு கேக்கலியே?"

"உள்ள போனா தெரிஞ்சிரும்ணே."

"உள்ள பாப்பாங்களா. சரி சரி."

அவர் முறை வந்தபோது துண்டை எடுத்தார். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் இருந்தன. மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பி இறுகியிருந்தது. "மல்லாட்ட உடைக்கிற மிசின்ல மாட்டிக்கிச்சு. ஆச்சு நாலு வருசம்" என்றார், நான் கேட்காமலே. நான் மைக்கைக் கீழே இறக்கினேன். "கஷ்டமா இருந்தா வேண்டாம்ணே" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பயந்துபோனார். "இல்லமா, இல்லமா. அதுக்குத்தானே வந்திருக்கறேன்."

வில்வித்தை விளையாட்டைப் போட்டேன். எல்லாவற்றிலும் எளிது அதுதான்: ஆடும் கருவியைக் கையில் பிடித்து, பொத்தானை அமுக்கி நாணை இழுக்க வேண்டும், விட்டால் அம்பு பாயும். கருவியை அவர் கையில் கொடுத்தேன். 'ரிமோட்டா?' என்று கேட்டார். வலது கையில் வைத்துப் பார்த்தார். கை தளர்ந்தது, கருவி மெத்தைமேல் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி விழுந்தது. அம்புகள் வானத்தில் போயின. ஆட்டம் முடிந்து திரையில் பெரிதாக வந்தது: 9%.

அவர் எழுந்து திரைக்குக் கிட்டே போனார்.

"ஒம்பதாமா? ஒம்பதுதானா?"

"முதல் தடவதானேண்ணே."

"இல்லமா, போன தபாவே முப்பத்தஞ்சு குட்த்தாங்க. இன்னொரு தபா வெச்சிப் பாரும்மா. இந்த மிசின் எப்டின்னு தெரியாம பண்ணிட்டேன்."

வேறு ஊரில் எங்கள் வண்டியிலோ வேறொரு நிறுவனத்தின் வண்டியிலோ ஆடியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் இருந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது. தோற்றதும் எழுந்து போகாமல் இன்னொரு முறை கேட்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். நானும் அப்படித்தான் படித்தேன். மைக்கைத் தூக்கினேன். "அண்ணன் விட மாட்டாரு! செஞ்சிக்கோட்டை வீரர் இன்னொரு முறை களத்துல இறங்குறாரு! ஒரு கைதட்டல்!"

இரண்டாவது முறை அவர் வேறு ஆள். கருவியைத் தொடைமேல் வைத்து, இடது கையால் அணைத்து, வலது கையில் மிச்சமிருந்த கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தார். பல்லைக் கடித்தார். நெற்றியில் வியர்வை. முதல் அம்பு ஓரத்தில் பட்டது. அடுத்தது வட்டத்துக்குள். கூட்டம் கத்த ஆரம்பித்தது. "வுடாத சித்தப்பா!" "அட்றா!" ஊன்றுகோல்காரர் கோலால் தரையைத் தட்டினார். நான் போனில் படம் பிடித்துக்கொண்டே கத்தினேன். கடைசி அம்பு நடுவட்டத்தில் நின்றது. திரையில்: 64%.

"அறுபத்து நாலு சதவீதம்!" என்று மைக்கில் அறிவித்தேன்.

ஏழுமலை அண்ணன் அழுதார். தூறலில் நின்று இரண்டு கையையும் சேர்த்து எல்லோரையும் கும்பிட்டார். வீடியோ கேம் ஆடி வென்று அழுத ஒரு மனிதரை எட்டு ஊரில் நான் பார்த்ததில்லை. ஊருக்கு ஒரு வீடியோவை எங்கள் வண்டியின் இணையப் பக்கத்தில் போட்டாக வேண்டும் என்பது நிதினின் கட்டளை. அதுவரை நான் போட்டதெல்லாம் ஒரே மாதிரிச் சிரிக்கும் முகங்கள். லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் வெட்டி ஒட்டினேன். முதல் ஆட்டத்தைச் சேர்க்கவில்லை. கருவி தொடைமேல் இருந்த பகுதியையும் வெட்டினேன். வேட்டி விலகியிருந்தது, பார்க்க நன்றாக இல்லை. அவர் முகம், அந்தக் கட்டைவிரல், பாயும் அம்பு, 64%, கண்ணீர். மேலே ஒரு வரி எழுதினேன்: 'நம்பிக்கை இருந்தால் எந்தக் கையும் முழுக் கைதான்!'

நிதின் மூன்று முறை பார்த்தார். இந்தப் பயணத்திலேயே இதுதான் சிறந்தது, தலைமை அலுவலகத்துக்கும் இப்போதே அனுப்புகிறேன் என்றார். பக்கத்தில் போட்ட அரை மணி நேரத்தில் கூட்டத்தில் பாதிப் பேர் கையில் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மேடை ஓரத்தில் யாரோ இருமினார்கள். ஏழுமலை அண்ணன். இன்னும் போகவில்லை.

"ஏம்மா, சீட்டு எப்பமா குடுப்பீங்க?"

நாங்கள் பரிசுத் தொப்பிக்கு நடத்தும் குலுக்கலின் சீட்டு என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டரு கையெழுத்து இதுல எங்க வரும்?"

"எந்த டாக்டர்ணே?"

"அதான்மா, அறுவத்தி நாலுன்னு போட்டு டாக்டரு கையெழுத்து வேணுமில்ல. நாப்பதுக்கு மேல இருந்தா அட்ட குட்த்துடுவாங்க. அட்ட இருந்தா பஸ் ஸ்டாண்டுல பொட்டிக்கட போட எடம் தரேன்னு சொல்லியிருக்கறாங்க. போன தபா முப்பத்தஞ்சு போட்டு அனுப்பிட்டாங்கமா. அஞ்சுல போயிடுச்சு."

பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காட்டினார். ஊனத்தின் அளவு முப்பத்தைந்து சதவீதம் என்று போன வருடம் மருத்துவக் குழு கொடுத்த சான்று. அதன் பின்னால் கைபேசி எண்ணும், 'மாற்றுத்திறனாளிகள் சிறப்பு முகாம்' என்ற வார்த்தையும், நாங்கள் சுவரை இறக்கிய அதே நாளின் தேதியும் பேனாவில் எழுதியிருந்தன.

 திறன், முகாம், இலவசம், சோதனை. எல்லாமே நான் தேடிப்பிடித்த சொற்கள். அவர் இதுவரை இங்கே ஆடவில்லை, பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். முதல் முறை, முடியாத கையை முடியாததாகவே காட்டினார், ஒன்பது வந்தது. இந்த மிசினில் நன்றாகச் செய்தால்தான் சதவீதம் ஏறும் போலிருக்கிறது என்று கண்டுகொண்டு, உயிரைக் கொடுத்து அறுபத்து நாலு வாங்கினார்.

"இது அந்த முகாம் இல்லண்ணே" என்றேன். "இது சும்மா விளையாட்டு."

அவர் லாரியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளையாட்டா?"

முன்வரிசையில் நின்ற ஊன்றுகோல்காரருக்கு முன்பே புரிந்திருந்தது. "அத்த நான் எப்பவோ கண்டுக்கினேன். ஸ்கூல்ல நடக்குதுயா அது. ஒரு மணி வரிக்கும்தான். நான் போய்ட்டு வந்துட்டேன்" என்றார்.

"கண்டுக்கினியே, சொல்றதுக்கு இன்னா?" என்று சலீம் பாய் அவர்மேல் எரிந்து விழுந்தார்.

"அந்தாளு அம்மாம் நல்லா ஆட்றான், நடுவுல எப்டி சொல்றது?"

மைக்கைச் சலீம் பாயிடம் கொடுத்தேன். நிதின் ஓடிவந்தார். கூட்டம் இருக்கும்போது மேடையை விட்டுப் போகக்கூடாது, போனால் தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிடுவேன் என்றார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, நேற்றைய ஆட்டோவில் ஏழுமலை அண்ணனை ஏற்றினேன்.

நாலுமுனைச் சந்திப்பில் கரும்பு டிராக்டர் ஒன்று ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது. அதற்குப் பின்னால் பஸ்கள். ஆட்டோக்காரர் சந்தில் நுழைந்தார். குலுங்கிய குலுக்கலில் ஒலிபெருக்கிப் பெட்டி தானாக உயிர்பெற்றுவிட்டது. "மாபெரும் கைத்திறன் முகாம்! அனைவரும் வருக!" சுவிட்சைத் தட்டினார், பிடுங்கினார், நிற்கவில்லை. சந்து முழுக்க ஆட்கள் வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தார்கள். ஏழுமலை அண்ணன் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "உன் குரலாமா இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா கணீர்னு இருக்குது" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அந்தக் குரலோடுதான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். வராந்தாவில் மேசைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நீதானாமா அது? காலையிலேந்து ஒவ்வொருத்தரா அங்க போய் ஏமாந்துட்டு இங்க வந்து எங்கள திட்றாங்க. இன்னா வெளையாட்டு இது?"

மன்னிப்புக் கேட்டேன். இவர் ஒருவரை மட்டும் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். வகுப்பறைக்குள் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். வயதானவர், அதுவரை சாப்பிடவில்லை என்று மேசைமேல் திறக்காமல் இருந்த டிபன் டப்பா சொன்னது. ஒரு பெருமூச்சோடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "வாங்க, உக்காருங்க" என்றார்.

பொறுமையாகத்தான் பார்த்தார். மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார், விரல்களின் அடியை அமுக்கிப் பார்த்தார், ஒரு கருவியை வைத்துக் கோணம் அளந்தார். "போன தடவ இத சரியா அளக்கலயே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படிவத்தில் பென்சிலால் எழுதினார். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. நாற்பத்திரண்டு. அண்ணனுக்குக் காட்டினேன். அவர் உதடு அசைந்தது.

டாக்டர் பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். அப்போதுதான் உதவியாளர் வாசலிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"சார், இந்த ஆளுதானே இது? எங்க குரூப்புல வந்திருக்குது."

டாக்டர் வாங்கிப் பார்த்தார். என் குரல் அந்த வகுப்பறையில் கத்தியது: "அறுபத்து நாலு சதவீதம்!" உதவியாளர் எட்டிப் பார்த்து மேலே எழுதியிருந்ததை வாசித்தார்: "நம்பிக்கை இருந்தால் எந்தக் கையும் முழுக் கைதான்." வாசித்துவிட்டு, "முழுக் கைன்னே போட்டிருக்குது சார்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

"சார், அவரு அத தொடை மேல வெச்சிருந்தாரு. இடது கையாலதான் பிடிச்சிருந்தாரு. அத நான் வெட்டிட்டேன் சார்" என்றேன்.

"ஏன் வெட்டுனீங்க?"

"பாக்க நல்லா இருக்கட்டும்னு."

டாக்டர் இன்னொரு முறை பார்த்தார். "நான் இவர நம்பலன்னு இல்லமா. நாளைக்கு ஒருத்தன் இத எடுத்துக் காட்டி, இவருக்கு நீ எப்படி நாப்பத்திரண்டு போட்டேன்னு கேட்டா நான் என்ன சொல்றது? பிடிமானம்னு ஒண்ண தனியா எழுதணும். அத மறுபடி பாத்துடறேன்." தன் பேனாவை ஏழுமலை அண்ணனிடம் நீட்டினார். "இத வலது கையில பிடிங்க. நான் இழுப்பேன்."

அண்ணன் பேனாவை வாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இங்க நல்லா பண்ணணுமா, பண்ணக் கூடாதாமா?"

எனக்குத் தெரிந்து பரீட்சை என்றால் நன்றாக எழுத வேண்டும், அவ்வளவுதான். அப்பா தோட்டத்தில் நின்று, அம்மா ஏலம் உலர்த்தும் புகையில் கண் எரிந்து, என்னை அனுப்பியது அதற்குத்தான். அப்படி எழுதித்தான் எங்கள் வீட்டின் முதல் சான்றிதழை வாங்கினேன். நன்றாகச் செய்தால் தோற்றுப்போகும் பரீட்சை ஒன்று இருக்கும் என்று எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பேனாவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாக்கு எழுந்தது. டாக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கிறபடி பிடிங்கண்ணே" என்றேன்.

அவர் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பேனா நின்றது. டாக்டர் இழுத்தார். கொஞ்ச நேரம் வரவில்லை, பிறகு வந்தது. டாக்டர் அழிப்பான் கேட்டார். உதவியாளர் கொடுத்தார். பென்சிலில் இருந்ததை அழித்துவிட்டு அதே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தாறு.

வெளியே வந்ததும் என் போனிலிருந்து வீடியோவை அழித்தேன். நிதினைக் கூப்பிட்டு, வண்டியின் இணையப் பக்கத்திலிருந்தும் நீக்கச் சொன்னேன். தலைமை அலுவலகம் அதைத் தன் பக்கத்திலேயே போட்டுவிட்டது, இனி தன் கையில் இல்லை என்றார். அந்த மனிதருக்கு ஒரு தொப்பி கொடுத்தனுப்பட்டுமா என்று உண்மையான அன்போடு கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

பேருந்து நிலையத்தில் அனந்தபுரம் வண்டிக்காக நின்றோம். தூறல் வலுத்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். இடது கையில் வாங்கிக்கொண்டார். எதிரே வரிசையாகப் பெட்டிக்கடைகள். அவற்றை அவர் பார்க்கிறாரா என்று நான் பார்க்கவில்லை.

"அண்ணே, நான்தான் உங்களக் கெடுத்துட்டேன்."

"வுடுமா. நீ படிச்ச பொண்ணு, நல்லா இருக்கட்டும்னுதான் பண்ணியிருப்ப." அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. துழாவி எடுத்து அவர் காதில் வைத்ததில் ஒலிபெருக்கிப் பொத்தான் அமுங்கிவிட்டது போலும். ஒரு சிறுமியின் குரல் எனக்கும் கேட்டது.

"நைனா! உன்ன போன்ல பாத்தோம் நைனா! சூப்பரா உட்ட! மிஸ்ஸு கூட பாத்தாங்க! எத்தினி நைனா போட்டாங்க, நாப்பது வந்துடுச்சா?"

ஏழுமலை அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒரு கணம் மடியிலிருந்த உறையைப் பார்த்தார்.

"ஒண்ணு ஏறியிருக்குதுமா" என்றார். "இன்னும் நாலுதான்."